மேற்படி இடத்தில் குழந்தைகள் விளையாடுவதில்லை

தபால்காரர் அந்தப் பழுப்புக் கவரை ஜெராக்ஸ் மெஷினின் மூடி மேல் வைத்துவிட்டுப் போனபோது நான் ஒரு வாரிசுச் சான்றிதழ் மனுவுக்கு மூன்றாவது பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். கவரின் மூலையில் சாலைத் துறை அலுவலகத்தின் முத்திரை. எதிரில் நின்ற ஆளை அப்படியே நிற்கவைத்துவிட்டுக் கவரைக் கிழித்தேன். மனு கொடுத்து நாற்பத்தோரு நாள்தான் ஆகியிருந்தது. ஷஹனாஸ் எழுதும் மனுவுக்குப் பதில் வராமல் போகாது என்று கும்மிடிப்பூண்டி தாலுகா ஆபீஸ் வாசலில் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் உண்டு, அதை மறைப்பானேன்.

கடிதம் ஆறே வரி. மனுவில் கண்ட புல எண் 187/4, தொழிற்பேட்டையின் கனரக வாகன நிறுத்துமிடத்துக்கென ஒதுக்கப்பட்டது; மேற்படி எண்ணில் பூங்காவோ விளையாட்டுத் திடலோ இருப்பதாகப் பதிவேடுகளில் இல்லை; ஆகவே சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்கக் கோரும் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது. அதோடு முடிந்திருந்தால் சண்டை போடலாம், மேல்முறையீடு செய்யலாம், எனக்கு அதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நகல்: வட்டாட்சியர், மேற்படி இடத்தில் ஆக்கிரமிப்பு ஏதும் இருப்பின் அகற்றும் பொருட்டு. அந்த வரியை மூன்று முறை படித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், "பாயம்மா, மிஷின் சொம்மா ஓடிக்கினே கீது பாரு" என்றார். வெள்ளைத் தாளாக ஏழெட்டு வெளியே வந்து விழுந்திருந்தன.

எங்கள் காலனியில் நூற்றுச் சொச்சம் வீடுகள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவராவது இரும்பு மில்லில் ஷிஃப்டு பார்க்கிறவர். காலனிக்குக் கிழக்கே தார் ரோடு, ரோட்டைத் தாண்டினால் மைதானம், மைதானத்துக்கு அந்தப் பக்கம் மில்லின் காம்பவுண்டுச் சுவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அங்கே கருவேலமுள்தான் இருந்தது. ஆதிகேசவன் என்கிற வெல்டரும் அவர் சிநேகிதர்கள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மில்லில் கேட் பாஸ் போட்டு வாங்கிவந்த ரிஜக்ட் பைப்புகளை வைத்து ஊஞ்சல், சறுக்கு, பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்சு எல்லாம் வெல்டிங் செய்து நட்டார்கள். வார்டு மெம்பர் ஒரு டியூப்லைட் போட்டுக் கொடுத்தார். யார் முதலில் பார்க் என்று சொன்னார்களோ தெரியாது, ஒரே மாதத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட பார்க் ஸ்டாப் என்று நிறுத்த ஆரம்பித்தார்கள். மூன்று வேப்பங்கன்றும் ஊஞ்சலும் டியூப்லைட்டும் இருக்கிற இடத்துக்குக் காகிதத்தில் வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஊரார் காகிதங்களையெல்லாம் நோண்டிப் பிழைக்கிற எனக்கே தோன்றவில்லை.

ரோட்டில் தார் போட்டதும்தான் வினை வந்தது. இந்த வழியாகப் போனால் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டாம் என்பதை டிரெய்லர்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒவ்வொன்றும் போகும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். தை மாதம் பொங்கல் லீவில், எதிர்வீட்டுக் கிறிஸ்டினாவின் மகன் பீட்டர் மைதானத்திலிருந்து பந்தின் பின்னால் ரோட்டுக்கு ஓடிவந்தான். ஒன்பது வயசு. பின்சக்கரம் தட்டி இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. டிரெய்லர் நிற்கவில்லை. தட்டியதே அந்த டிரைவருக்குத் தெரிந்திருக்காது என்று என் வீட்டுக்காரர் மொஹசின் சொன்னார். அவர் மில்லில் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறவர், லாரிக்காரர்களை அறிந்தவர். அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது, அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த வாரம் பார்க் டியூப்லைட்டின் கீழே கூடிப் பேசினோம். ஆதிகேசவன் ஒரு தகரத்தை முக்கோணமாக வெட்டி, ரெட் ஆக்சைடு அடித்து, ஓடுகிற பையன் படம்கூட வரைந்து கொண்டுவந்திருந்தார். "நாமளே ரெண்டு பக்கமும் நட்டுக்கலாம். கெவுர்மென்ட்ட இன்னாத்துக்குக் கேட்டுக்கினு?" என்றார். அந்தப் படத்துப் பையனுக்கு ஒரு கால் குட்டை. நான் சிரித்துவிட்டேன். தகரத்தைப் பார்த்தால் எந்த டிரைவர் பிரேக் போடுவான், துறை வைத்த பலகை என்றால்தான் நாளைக்குப் போலீஸில் பேசலாம், கோர்ட்டில் பேசலாம் என்று நீளமாகப் பேசினேன். அவர் மறுபடியும், "வேணாம்மா, நம்ம போர்டே போதும்" என்றார். "அண்ணே, உங்க ஊஞ்சலு மாதிரி இல்ல இது, சட்டம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தகரத்தைச் சுருட்ட முடியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை நான் பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தேன். மைதானம் எங்கே இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ரோட்டின் பெயரைப் போட்டிருந்தாலே போதும். நான்தான், சர்வே நம்பர் இல்லாத மனுவை எவனும் மதிக்க மாட்டான் என்று பத்து வருஷத் தொழில் புத்தியில், காலனி வரைபடத்தில் தேடி எடுத்து, 187/4 என்று தடித்த எழுத்தில் அடித்து, கீழே கோடும் போட்டுக் கொடுத்தேன்.

கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தால் என் மகள் பர்ஹானா ஊஞ்சலில் நின்றபடி ஆடிக்கொண்டிருப்பாள், அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் முறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டேன். மூன்றாம் நாள் மொஹசினிடம் சொன்னபோது அவர், "மனு குடுத்தது நீ. வாபஸ் வாங்கிடு" என்றார், ஏதோ கடையில் புடவையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. நகல் தாலுகாவுக்குப் போய்விட்டது என்றேன். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "ஆதிகேசவன்ட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று நாளாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஆதிகேசவன் காலை ஷிஃப்டு முடித்து வந்து வாசலில் கண் கழுவிக்கொண்டிருந்தார். வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்த கண். கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அது லாரி நிறுத்தற எடம்மா. எனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சே ஏண்ணே சொல்லல?"

"எப்டி சொல்றது? அத்தினி பேர் எதுருல சொன்னா மறுநாள் மில்லு மொதலாளி வரிக்கும் போய்டும். ஊஞ்சலு நடும்போதே டிரான்ஸ்போர்ட் மேனேஜர் பாத்தாரு. நட்டுக்கோ, யாராவது கேக்கற வரிக்கும் இருக்கட்டும்னாரு. இன்னி வரிக்கும் யாரும் கேக்கல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாமளே கேட்டுட்டோம்."

நீ கேட்டாய் என்று சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். நாமளே என்றதுதான் தாங்கவில்லை. தகரத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை, கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வருவாய் ஆய்வாளர் வந்தார். இது நடந்த 2008-ல்தான் கரண்ட் கட் தினப்படி வழக்கமாகியிருந்தது, கடையில் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது, நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலனியிலிருந்து செல்போனில் கூப்பிட்டார்கள். ஷட்டரை இழுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தேன். ரோட்டோரம், கிறிஸ்டினா வீட்டு வேப்பமர நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் சீட்டின் மேல் ஃபைலை விரித்துவைத்திருந்தார். அரசப்பன் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயசு இருக்கும், ஹெல்மெட் அழுத்திய தலைமுடி, தோளில் ரெக்சின் பை. எதிரே மைதானம் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் மில்லுச் சுவரின் முனைக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

"நீதான் மனுதாரரா?" என்று என் மனுவைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, இவ்ளோ நல்லா எழுதிக்கிற. எங்க ஆபீஸ்லயே எவனுக்கும் இப்டி வராது. அதான் பேஜாரு. சும்மா பார்க்காண்ட போர்டு வைங்கன்னு எழுதிருந்தா, நட்டுட்டுப் போயிருப்பான். நம்பர போட்டு, கோடு வேற போட்டுக்கிற."



அவர் கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாக்காளர் பட்டியல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். ஆக்கிரமிப்பு என்று எழுதினால் நோட்டீஸ், ஜேசிபி, போலீஸ் பந்தோபஸ்து என்று ஒரு மாதம் தன் உயிர் போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி வழியைச் சொன்னார். நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். மனுவைத் திரும்பப் பெறுகிறேன். தவறான தகவலின் பேரில் கொடுத்துவிட்டேன். மேற்படி இடம் காலி மனை, அங்கே விளையாட்டுத் திடல் எதுவும் கிடையாது, குழந்தைகள் யாரும் விளையாடுவதில்லை. காலனிக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து. ஃபைலை மூடிவிடலாம்.

"அந்த ஊஞ்சலு சார்?" என்றேன்.

"இரும்புச் சாமான் கெடக்குது. மில்லுக்காரனுதுன்னு நெனச்சிக்கினேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்கூலு எத்தினி மணிக்கு வுடுது?"

"நாலுக்கு."

"அதுக்குள்ள குடுத்துடு. கண்ணுல பட்டா எழுதணும்மா. நான் எழுதறவன்."

கரண்ட் இருந்திருந்தால் டைப் அடித்திருப்பேன். டைப் அடித்த எழுத்து யாருடையதும் இல்லை. இது என் கையால் எழுத வேண்டியிருந்தது. கிறிஸ்டினா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுத ஆரம்பித்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருமானம் குறைவு என்று, சொந்த வீடு இல்லை என்று, கணவர் கைவிட்டுவிட்டார் என்று. பேனா ஒருநாளும் நின்றதில்லை. 'குழந்தைகள் யாரும்' என்ற இடத்தில் நின்றது. நாளைக்கு ஒரு டிரெய்லர் இன்னொரு பிள்ளையைத் தட்டினால் எந்த வக்கீலும் இந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பான். இங்கே குழந்தைகள் விளையாடுவதில்லை என்று காலனிக்காரியே எழுதிக் கொடுத்திருக்கிறாளே, என் கட்சிக்காரர் எதற்கு மெதுவாகப் போக வேண்டும் என்பான். எழுதாவிட்டால் ஜேசிபி வரும், மைதானம் முழுக்க லாரி நிற்கும், பிள்ளைகள் விளையாட ரோட்டுக்குத்தான் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சக்கரம்தான் எனக்குத் தெரிந்தது. 'பொதுவாக விளையாடுவதில்லை' என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தைக்குள் நான் ஒளிந்துகொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

சாட்சிக்கு ஆள் தேடினால் யாரும் இல்லை. ஆதிகேசவன் ஷிஃப்டில், மொஹசின் எடைமேடையில், படிக்கத் தெரிந்த ஆண்கள் எல்லாம் வேலையில். கிறிஸ்டினா ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள். உள்ளே கட்டிலில் பீட்டர், கால் மாட்டில் தலையணை, காலுக்குள் இரண்டு கம்பி. அவன் அந்த ஜன்னலை விட்டு நகர்வதேயில்லை என்று கிறிஸ்டினா முன்பே சொல்லியிருக்கிறாள்.

"இன்னாக்கா அது? படி" என்றாள்.

படித்தேன். மைதானத்தைப் பற்றிய வரி வந்ததும் என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

"இன்னொரு தபா படி."

மறுபடியும் படித்தேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"யாரும் வெளாடறதுல்லன்னா, எம்புள்ள இன்னாத்துக்கு அங்க போனான்?"

நாற்பது பக்கம் மனு எழுதச் சொன்னால் எழுதுவேன், இந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுத முடியாது. அரசப்பன் மரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த குடுத்தா ஊஞ்சலு இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"போர்டு வராது."

"வராது."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். ஆறாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, கி, றி, ஸ், டி, னா என்று போட்டாள். போட்டு முடித்ததும் பேனாவை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஜன்னலைத்தான் சாத்தினாள். பீட்டர் ஏம்மா ஏம்மா என்று கத்துவது கேட்டது.

அரசப்பன் தாளை வாங்கி வரிவரியாகப் படித்தார். பேனா முனை ஒரு இடத்தில் நின்றது. "'பொதுவாக' எதுக்கு? அத்த அடி. பொதுவான்னா அப்பப்போ வெளாடறாங்கன்னு ஆவுது. ஆவுதா இல்லியா?"

"ஆவுது சார்."

"அடிச்சிட்டுப் பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடு."

அடித்தேன். பக்கத்தில் போட்டேன். அவர் தாளை ஃபைலில் வைத்து, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, பைக்குள் திணித்து, ஹெல்மெட்டை எடுத்தார். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பெல் அடித்துவிட்டது. ஸ்கூட்டர் முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே உதைத்தார். நான் ரோட்டையும் மைதானத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு முதல் பிள்ளைகள் வந்துவிட்டன. எங்கள் காலனிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக மைதானம்தான். பைகளைப் பெஞ்சு மேல் வீசிவிட்டு நாலா பக்கமும் சிதறின. ஊஞ்சலுக்கு முதலில் ஓடியது பச்சை ரிப்பன் கட்டிய ஒரு பெண். காலையில் அந்த ரிப்பனைக் கட்டிவிட்டது நான்தான்.

அரசப்பன் உதைப்பதை நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கை பையின் மேல் இருந்தது.

"அது யாரு ஊட்டுப் புள்ளம்மா?"

அவர் எதற்காகக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சோதித்தாரா, தனக்கே ஒரு சாக்குத் தேடினாரா, சும்மா ஆசையாகக் கேட்டாரா. ஏழு வருஷத்தில் அவள் யார் குழந்தை என்று எவர் கேட்டாலும் முந்திக்கொண்டு சொல்கிறவள் நான்.

"தெரியல சார்" என்றேன்.

"சரி. எனுக்கும் தெரியல" என்றார். மூன்றாவது உதையில் ஸ்கூட்டர் கிளம்பியது. பின்னால் திரும்பாமல் போய்விட்டார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்படலாமா என்று யோசித்தேன், வரவில்லை. அப்போதுதான் பர்ஹானா என்னைப் பார்த்தாள். நான் அந்த நேரத்தில் கடையில் இருப்பேன், என்னை அங்கே அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஊஞ்சலிலிருந்து குதித்து ரோட்டை நோக்கி ஓடிவந்தாள். வலது பக்கம், மில்லு கேட்டிலிருந்து, கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று திரும்பி வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினால் வா என்கிறேன் என்று நினைப்பாள். கத்தினால் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடிவருவாள். தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம், வேண்டாம் என்று. அந்தத் தூரத்தில் அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. அவள் சிரித்தாள். டிரெய்லர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டது, ஹாரன்கூட அடிக்காமல். கம்பிகளின் நுனி ஒன்றோடொன்று உரசிக் கூவ, நீளமாக, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தெரிந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தப் பக்கம் வெள்ளை சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள் அசையாமல் நின்றிருந்தன. ஒன்று மண்ணில் இருந்தது. மற்றது தார் மேல் இருந்தது.